பச்சைக் கோடும் சிவப்புக் கோடும்: எல்லைகளை வாசித்தபடி ஒரு ஞாயிறு

வருகிற வாரம் எங்கள் வீட்டுக் கூட்டத்தில், வேதாகமத்தில் யோசுவா கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்ட பகுதியை நான்தான் விளக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்க நேரமில்லாததால், போன ஞாயிறு வீடு சந்திக்கப் போகிற வழியில் ரயிலிலேயே வாசித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

எங்கள் சபையில் வீடு சந்திப்பை ரயில் பாதையின் நிறத்தை வைத்துப் பிரித்திருக்கிறோம். பச்சைப் பாதை என் பங்கு. போன வருடம் சிவப்புப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த சகோதரி வெளிநாடு போனதும், யாரும் கேட்காமலே நான் கையைத் தூக்கிவிட்டேன். அன்று காலை என் வீட்டுக்காரர், "இன்னைக்காவது மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாமா?" என்றார். மற்ற நாளெல்லாம் அவருக்கு இரவு வேலை. ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். வந்துவிடுகிறேன் என்றேன்.

லிட்டில் இந்தியாவில் ஆராதனை முடிய பதினொன்றரை. கூட்டத்தில் இடிபட்டு ஸ்டேஷனுக்கு வந்து, டோபி காட்டில் மாறி, தோ பாயோ போய்ச் சேர்ந்தேன். தனியாக இருக்கும் சாமுவேல் அங்கிள் எனக்காகவே பிளாஸ்கில் இஞ்சி டீ போட்டு வைத்திருப்பார். "அடுத்த வாரமும் நீங்கதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வாரா வாரம் போகிறேனோ என்னவோ.

அங்கிருந்து கிளமெண்டி. சிட்டி ஹாலில் பச்சைக்கு மாற வேண்டும், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் யோசுவாவை வாசித்தேன்: எல்லை ஏறுகிறது, இறங்குகிறது, மலையைச் சுற்றித் திரும்புகிறது. என் கால்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தன. கிளமெண்டியில் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த ஒரு சகோதரிக்காக, அரைக் கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தபடி ஜெபித்தேன். வெளியே வந்ததும் வெட்கமாக இருந்தது.

பூன் லே போகும் ரயிலில்தான் அந்த இடம் வந்தது. யூதா கோத்திரத்தின் பங்கு அவர்களுக்கு மிஞ்சிப்போனதால், அதற்குள்ளேயே சிமியோன் கோத்திரத்துக்கு இடம் கொடுத்தார்கள். அத்தனை பெரிய யூதாவுக்கே மிஞ்சியதா! எத்தனையோ முறை தாண்டிப்போன வரி.

கடைசி வீடு பூன் லேயில், எங்கள் சபைப் பெண் எஸ்தருடையது. அவள் ஜெபிக்க ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தபோது என் தலைக்குக் கீழே தலையணை.

"அக்கா, நீங்க ஆமென் சொல்லவே இல்ல. நானே முடிச்சுட்டேன் லா."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பினா அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடுவீங்க. சிவப்பு லைனை எங்கிட்ட குடுங்கக்கா. என் ஆபிஸ் தோ பாயோவுலதானே? வேலை முடிஞ்சு அப்படியே பார்த்துட்டு வரேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வயிற்றெரிச்சல். அங்கிளுடைய டீ இவளுக்கா? பாதையை விட்டால் நான் யார்? இவ்வளவு தூரம் அலைந்தது ஊழியத்துக்கா, என் பெயருக்கா என்று அந்தச் சோபாவில் வைத்துத்தான் முதல்முறை கேட்டுக்கொண்டேன். "அங்கிள் இஞ்சி டீ போட்டு வச்சிருப்பார், நல்லா இருக்குன்னு சொல்லு," என்றேன்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: நாள் முழுதும் ரயில் செலவு பத்து வெள்ளியை (டாலரை) தாண்டாது. ஒரு நாளில் இரண்டு வீடு போதும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தேவன் கொடுத்த பங்குக்கு ஓர் எல்லையும் உண்டு. மிஞ்சினால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், அவருக்கும் அங்கே ஓர் இடம் இருக்கலாம்.

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேசையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்தபடியே இருந்தன.

"சாப்பிடலையா?"

"நீ வரட்டும்னு இருந்தேன்."

குழம்பைச் சுடவைத்தேன். அவர் ஜெபித்தார். இந்த முறை நான் ஆமென் சொன்னேன்.