பினாங்கில் என் பேச்சு மூடிய சிலம்பக் களம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கப்பல் பினாங்கில் நங்கூரம் பாய்ச்சிற்று. ஞாயிறன்று தமிழர் சங்கமொன்றில் சொற்பொழிவாற்ற என்னை அழைத்திருந்தார்கள். இருபத்துநான்கு வயதில் கடல் கடந்து மேடையேறுகிறேன் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

மாலை ஐந்து மணி. பதினைந்து காசு ரிக்‌ஷாக் கூலி கொடுத்து, துறைமுகத்திலிருந்து இரண்டு மைல் தொலைவிலுள்ள டத்தோ கிராமாட் என்னும் பகுதிக்குச் சென்றேன். அங்கே ஒரு தென்னந்தோப்பில் பெற்றோரும் பிள்ளைகளும் சிலம்பம் பழகுகிறார்கள். இணையாக வந்தால்தான் கம்பு. தனியே வருவோருக்கு இல்லை. பிள்ளை, "அப்பா, வரலாமா?" என்றோ "அம்மா, வரலாமா?" என்றோ கேட்க வேண்டும். பெற்றவர் "வா" என்ற பின்பே முதல் வீச்சு.

சலவைத் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் முழங்காலில் அவள் மகன் கம்பால் ஒன்று வைத்தான். "வீட்டுல நான் அடிச்சதுக்கு இங்க வசூல் பண்றான்லா," என்றாள். களமே சிரித்தது.

ஓர் இணை மட்டும் ஆடாமல் நின்றது: தோணிக்காரர் முனியாண்டியும் அவருடைய ஏழு வயது மகள் அஞ்சலையும். கைக்குழந்தையாக ஊரில் விட்டுவந்த மகள். தாய் இறந்தபின், மூன்று மாதங்களுக்குமுன் இங்கே அனுப்பப்பட்டவள். மற்றத் தோணிக்காரர்கள் அழைப்பதைக் கேட்டு அவளும் அவரை "அண்ணே" என்றே அழைக்கிறாள்.

"வீட்டுல அப்பான்னு கூப்பிட வேணாங்க. இங்க ஒரு வாட்டி சொன்னாப் போதும்," என்றார் முனியாண்டி. "ஆடணும்னு ஆசை இருக்கு. அடுத்த ஆட்டம் திங்கக்கிழமை, அன்னிக்குச் சொல்லிடும், பாருங்க. ஊருக்குப் போறப்ப நம்ம தோணியிலதான் நீங்க ஏறணும்."

அஞ்சலை கம்பின் நுனியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. "தம்பி, கம்பு விளையாட்டைப் பத்திப் பேசுனா, தேகப்பயிற்சின்னு மட்டும் சொல்லுங்க. அப்படித்தான் அனுமதி வாங்கியிருக்கோம்," என்றார் சங்கச் செயலாளர். தலையசைத்தேன். ஆனால் கைதட்டல் ஏற ஏற என் நா என் வசம் நிற்கவில்லை. "டத்தோ கிராமாட்டில் நான் கண்டது விளையாட்டன்று, படை. தாய்ப்பாலோடு போரையும் ஊட்டும் படை," என்றேன். கூரை அதிர்ந்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டாமல் சிறு புத்தகமொன்றில் எழுதிக்கொண்டிருந்தார்.

திங்கள் மாலை ஐந்து மணிக்குத் தோப்பில் இரு போலீஸ்காரர்கள் கம்புகளைக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். அனுமதி ரத்தாகிவிட்டது.

"நல்லாத்தான் பேசுனீங்க தம்பி," என்றாள் சலவைக்காரப் பெண். "நாங்க படைன்னு எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு."



செவ்வாய் காலை எட்டு மணிக்குப் படித்துறை சென்றேன். சொன்னபடியே முனியாண்டி தோணியுடன் காத்திருந்தார். அஞ்சலை முன்முனையில் அமர்ந்திருந்தாள். நான் கோத்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியங்களைப் பாதியில் நிறுத்தினார்.

"விடுங்க. வேற எங்க போயி அதைச் சொல்ல வைக்கிறதுன்னுதான் தெரியல."

கப்பலை அடைந்தோம்.

"அண்ணே, கயிறு," என்றாள் அஞ்சலை.

அவர் கயிற்றைப் பிடித்துக் கட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நாகப்பட்டினத்தில் மாலையோடு வருவார்கள், பேசச் சொல்வார்கள். எந்த வாயால் பேசுவேன்? மேல்தளத்திலிருந்து பார்த்தேன். தோணி கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு முனையில், அவள் மறுமுனையில். கண்ணுக்கு மறையும்வரை அவர்களிடையே ஒரு கம்பின் நீளம் இருந்தது.