சுமதி வீட்டுச் சோபா

செல்வராணியின் வீட்டில் தொலைக்காட்சி இருப்பதாக எழுதியது நான்தான். சோபா இருப்பதாகவும் தரைக்கு டைல்ஸ் பதித்திருப்பதாகவும் எழுதியதும் நான்தான். இவற்றில் ஒன்றுகூட அவள் வீட்டில் இல்லை. இல்லை என்று தெரிந்தே எழுதினேன்.

அதனால் அவள் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நிவாரணம் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

பசியோடிருக்கும் குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்க அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்க வீடு வீடாகப் போய் விபரம் எடுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். நான் அப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். தமிழும் சிங்களமும் தெரியும், மலை ஏறத் தெரியும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் வேறு. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டப் பிரிவொன்றை என் தலையில் கட்டினார்கள்.

அனுப்பும்போது மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நிதி குறைந்துவிட்டது, பட்டியல் நீளக்கூடாது. உன்னுடைய ஆட்கள் என்று பார்த்து எல்லோரையும் போட்டுக்கொண்டு வராதே, பிறகு நிரந்தர நியமனம் பற்றி என்னிடம் பேச வராதே.

நிதி குறைந்துவிட்டதாம்... அதே மாதம்தான் எங்கள் கந்தோர்ப் பாதைக்குப் புதிதாகக் காபட் தார் போட்டார்கள். ஏற்கெனவே நன்றாக இருந்த பாதை அது. நடைபாதையைக் கிளறி வர்ணக் கல் பதித்தார்கள், கம்பத்துக்குக் கம்பம் அலங்கார விளக்கு மாட்டினார்கள். நான் அந்த வர்ணக் கல்லின் மேல் நடந்துதான் பசித்தவர்களை எண்ணப் போனேன். அப்போது எனக்கு அது உறைக்கவேயில்லை.

செல்வராணி கொழுந்து பறிக்கிறவள். புருசன் மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருக்கிறார். மூத்தவள் நிரோஷாவுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு நான்கு. இவ்வளவையும் பேர் எழுதும்போதே கேட்டுக்கொண்டேன்.

எங்கே உட்கார்ந்து கேட்டேன் தெரியுமா? அங்கேதான் என் பாவம் இருக்கிறது.

"வாங்க மிஸ், இங்க உக்காருங்க" என்று அவள் என்னைக் கூட்டிப்போன காம்பராவில் சோபா இருந்தது. சுவரில் பெரிய தொலைக்காட்சி. கால் வைத்தால் குளிரும் டைல்ஸ் தரை. அது பக்கத்து வீட்டுச் சுமதியின் காம்பரா. சுமதியின் புருசன் கட்டாரில் வேலை செய்கிறார்.

எங்கள் லயங்களில் இது வழக்கம். கந்தோர் ஆட்களோ ஆசிரியர்களோ வந்தால் ஒழுகுகிற வீட்டில் உட்கார வைக்கமாட்டோம். அந்த வரிசையிலேயே நல்ல வீடு எதுவோ அங்கே கூட்டிப்போவோம். கதிரை இரவல், கோப்பை இரவல், சீனி இரவல். வந்தவர் அதைப் பற்றிக் கேட்பதுமில்லை, வீட்டார் சொல்வதுமில்லை. நான் பிறந்த ஹுன்னஸ்கிரியவில் என் அம்மாவும் இதைத்தான் செய்தாள்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் இருந்தது செல்வராணி இல்லை. அவள் சோபாவில் உட்காரவும் இல்லை. நிலையோரமாக நின்றுகொண்டு, "சுமதி, சீனி டின் எங்கடி?" என்று பின்பக்கம் பார்த்துக் கேட்டாள். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"இது உங்கள் வீடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் தலைகுனிந்து உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் எழுந்து பத்தடி நடந்து அவள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் பல வீடுகள் கிடந்தன. மேலதிகாரியின் குரல் காதிலேயே இருந்தது... இவையெல்லாம் சாக்கு. உள்ளதைச் சொல்கிறேன். அவளுடைய புகையடித்த காம்பராவுக்குள் போக எனக்கு மனமில்லை. நான் அதிலிருந்து தப்பி வந்தவள். மறுபடியும் அதற்குள் தலையை நுழைக்க அருவருத்தேன். கண்ணில் பட்டதை எழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தொலைக்காட்சி: உண்டு, சோபா: உண்டு, தரை: டைல்ஸ் என்று கந்தோரில் தந்த டெப் கணினியில் அமத்தினேன். அவள் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தேன்.

பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை.

நிரோஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கிக் கந்தோருக்கு வந்தாள். "என்னா மிஸ் இப்புடி ஆயிருச்சி? ஏதோ கம்பியூட்டர் மாத்திப் போட்டிருச்சி போல" என்றாள். கம்பியூட்டர்! என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவேயில்லை.

மேன்முறையீட்டு மனுவை நானே எழுதிக்கொடுத்தேன். இரண்டு மொழியிலும், அழகான கையெழுத்தில். புருசனின் இடுப்பு, பிள்ளைகளின் வயது, எல்லாவற்றையும் எழுதினேன். 'விபரம் எடுத்தவர் தவறாகப் பதிந்தார்' என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அந்த ஒரு வரிதான் அவளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்த வாரம் என் நியமனக் கடிதம் வரவிருந்தது.

கடிதம் வந்தது. மனு தள்ளுபடியானது. பதிந்த விபரம் சரியானதே என்று காரணம் போட்டிருந்தார்கள்.

பிறகு ஒருநாள் தாங்கமாட்டாமல் மேலதிகாரியிடம் பாதி உண்மையைச் சொன்னேன், ஒரு வீட்டில் பிழை விட்டிருக்கலாம் என்று. அவர் தலை நிமிரவில்லை. பட்டியல் பூட்டியாகிவிட்டது, இனி அடுத்த கணக்கெடுப்பில்தான், அது எப்போது என்று தனக்கும் தெரியாது, நான் சரியாக எழுதியிருந்தாலும் நிதி இல்லையென்று அவளை வெட்டியிருப்பார்கள் என்றார். வெட்டியிருப்பார்களா? அவள் பெயர் வந்திருக்குமா? இதை நான் யாரிடம் கேட்பது? பூட்டியவர் யார், திறப்பவர் யார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு மேலே போனேன். பாடசாலை நாள், ஆனால் நிரோஷா வாசலில் நின்றாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"சாப்பாடு உள்ள நாளைக்குத்தான் அனுப்புறோம் மிஸ்" என்றாள் செல்வராணி. "வெறும் வயித்தோட அனுப்பி ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டா."

பேசிக்கொண்டே என்னைச் சுமதியின் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள். "வேண்டாம், உங்க காம்பராவிலேயே இருப்போம்" என்றேன்.

"அங்க எப்புடி மிஸ் ஒங்கள உக்கார வைக்கிறது?"

அதே சோபாவில் உட்கார்ந்தேன். நிரோஷா தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். பிஸ்கட்டை அவளிடமே நீட்டினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினாள்.

சொல்லிவிட வேண்டுமென்றுதான் போனேன். நான்தான் எழுதினேன் என்று வாய்வரை வந்தது. அதற்குள் செல்வராணி சொன்னாள்:

"அடுத்த தடவ கணக்கெடுக்க நீங்களே வாங்க மிஸ். நம்ம ஆளு வந்தாத்தான் நம்ம கஷ்டம் தெரியும்."

சரி என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.