ஆணி அடிக்காத மாதங்கள்

வீட்டை வாங்கும்போதே எல்லோரும் சொன்னார்கள், நீங்கள் வாங்குவது வீடில்லை, வேலை என்று. மைசூர் ஒண்டிக்கொப்பலில் ஒரு குறுக்குச் சந்து. இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே மங்களூர் ஓடு போட்ட மூன்று அறை வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். பல வருஷம் பூட்டிக் கிடந்ததில் சமையலறைச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்து என் உயரத்துக்கு நின்றது. கதவைத் திறந்ததும் வௌவால் நாற்றம் குப்பென்று அடித்தது. எனக்கு அந்த வீடு உடனே பிடித்துவிட்டது. எனக்குப் பிடிப்பதெல்லாம் அப்படித்தான், பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று கணவரிடம் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே அளவு நாடாவைத் தேடப் போய்விடுவார்.

கடன் வாங்கி வீட்டை எழுதி முடித்தபோது மேஸ்திரிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே நாங்களே மேஸ்திரி, நாங்களே சித்தாள். அவர் கம்பெனி பஸ்ஸில் ஹெப்பாளுக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சரிபார்க்கிற வேலை பார்க்கிறவர். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். இரண்டு பேரும் திரும்பியதும் பழைய துணியை மாட்டிக்கொண்டு, செல்போனில் வீடியோ பார்த்து, அதில் வருகிற ஆள் செய்வதைப் போலவே செய்வோம். வீடியோவில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை எங்களுக்கு ஒரு வாரம் இழுக்கும்.

அவர் அளப்பார், நான் அடிப்பேன். அதுதான் எங்களுக்குள் வேலைப் பிரிவினை. அவர் அடித்தால் ஆணி வளைந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம், அதற்கு ஆணி அடிப்பது நல்ல வைத்தியம். ஆபீசில் யார் மேல் கோபமோ அவர் முகத்தை நினைத்துக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டால் ஆணி ஒழுங்காக இறங்கும். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மதில் மேல் தலையை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரமாவது கண்ணை மூட விடம்மா என்று கன்னடத்தில் அலுத்துக்கொள்வார். நான் சரி ஆன்ட்டி என்பேன். அரை மணி கழித்து மறுபடி ஆரம்பித்துவிடுவேன்.

குடியிருந்த வீட்டு வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரித்ததால், வேலை முடிவதற்கு முன்பே குடிவந்துவிட்டோம். கூடத்தில் சிமெண்ட் மூட்டை. இன்னோர் அறையில் தரையே இல்லை. கட்டில் போட முடிந்தது ஒரே ஓர் அறையில்தான். அந்த அறைக்கு மேல்தான் கரையான். ஓடுகளைத் தாங்குகிற ரீப்பர் கட்டைகளை விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்பக்கம் அடுக்கி, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவினோம். அரித்துப்போன கட்டைகளைப் பிடுங்கி எறிந்தோம். புதுக் கட்டைகள் வந்து இறங்கின. அவற்றை வரிசையாக ஆணி அடித்து, ஓடுகளைத் திரும்ப மாட்டினால் தீர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

அந்த ஞாயிறு வருவதற்குள் நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்துவிட்டது.

இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இரண்டும் வாடகை வீட்டில், இரண்டும் ஆரம்பத்திலேயே. அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வீடு வாங்கியதே அதை மறக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டாக்டர் இந்த முறை ஏணி ஏறாதே, கனம் தூக்காதே, மற்றபடி சாதாரணமாக இரு என்றார். எப்படிச் சாதாரணமாக இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளியில் இருக்கிற என் மாமியாரிடம் மட்டும் சொன்னோம். சந்தோஷத்தில் அழுது முடித்த கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி வீட்டைப் பற்றி.

"கண்ணு, ஊட்டு வேலைய நிறுத்தியாச்சா? வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஊட்டுல ஆணி அடிக்கப்படாது."

"மேல ஓடே இல்லைங்க அத்தை. மழை வந்தா என்ன பண்றது?"

"ஒழுவுனா ஒழுவீட்டுப் போவுது, போச்சாது. சொன்னாக் கேளு."

"நாங்க அடிக்கல. ஆள் வெச்சு அடிச்சுக்கறோம்."

"யாரு அடிச்சாலும் ஊடு உங்களுதுதானே கண்ணு?"

என் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பாதி கன்னடம் கலந்த என் தமிழில் மாமியாரிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. சரி சரி என்று போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தேன். அவர் சாமி கும்பிடாத ஆள். நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிறவர்களைக் கேலி செய்கிற ஆள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது, அவர் மேலே ஏறி அடிப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தோள்பட்டை வலித்தது. அடுத்த ஞாயிறு கட்டை இன்னும் சரியாகக் காயவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் கட்டைகளை எல்லாம் மறுபடி ஒரு தடவை அளந்தார். மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கொக்கி மாட்டவில்லை, அலமாரிக்குக் கீல் வைக்கவில்லை. ஒருநாள் அவர் பின்பக்கம் நின்று போனில் மெதுவாகப் பேசுவது காதில் விழுந்தது. ஸ்குருவாவது முறுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடிக்கறதும் முறுக்கறதும் ஒண்ணுதான் என்று பதில் வந்திருக்க வேண்டும். ஸ்குரு டிரைவரும் அன்று முதல் கண்ணில் படவில்லை.

கோடை மழை எந்த நாளும் வரலாம் என்றிருந்தது. நானே ஏணியின் கீழ்ப்படியில் நின்று எட்டிய மட்டும் அடித்துவிடலாம் என்று வீம்பாகச் சுத்தியலைத் தேடினேன். சுத்தியலையும் காணோம், ஆணி டப்பாவையும் காணோம். கடைசியில் துணிப் பெட்டிக்குள், என் கல்யாணப் புடவைக்கு அடியில், இரண்டும் ஒரு துண்டில் பொதிந்து கிடந்தன. அவர் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரை அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"சுத்தியல் எங்க?" என்றேன் அவர் செருப்பைக் கழற்றும்போதே.

"அங்கதான் எங்கியாவது..." என்று ஆரம்பித்தவர் என் மடியைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"பெட்டிக்குள்ள துண்டு போத்திப் படுத்திருந்துச்சு. தானா நடந்து போச்சா?"

இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல புள்ள. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா நான் அடிச்சு, அதுக்கப்புறம் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? காலம் பூரா இந்தக் கையத்தானே பாத்துக்கிட்டு இருக்கணும்."

சாயங்காலம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? முந்தின நாள் பின் சந்தில் யாரோ ஆணி அடித்தபோது, பாத்திரத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டவள் நான். அதை அவரிடம் சொன்னேன். அவர் தீவிரமாக யோசித்து, "அடுத்த வீட்டு ஆணி கணக்குல வராது" என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தோம். சுத்தியல் மறுபடி துண்டுக்குள் போயிற்று.

நாங்கள் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதமாவது தாண்டட்டும் என்றிருந்தோம். ஆனால் வீடு வாங்கிய நாள் முதல் ஓயாமல் கேட்ட சுத்தியல் சத்தம் நின்றதே, அது தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிட்டது. இங்கே கன்னடக் குடும்பங்களிலும் இதே சாஸ்திரம்தான். டீச்சரம்மா மதில் மேல் தலையை நீட்டி, "ஏனம்மா, கெலஸ நில்லிஸ்பிட்ரா?" என்றார். ஆமாம் ஆன்ட்டி, வேலையை நிறுத்திவிட்டோம் என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "எஷ்டு திங்களு?" என்று குரலை இறக்கிக் கேட்டார். எத்தனை மாதம் என்று விரலால் காட்டினேன். மறுநாள் முதல் அவர் வீட்டிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் வந்தது. ஒருநாள் கீரைச் சாறு, ஒருநாள் ஒப்பட்டு, நம் போளிதான். எதிர்வீட்டுக்காரர் என் ஸ்கூட்டரை வாசல் வரை தள்ளிக் கொடுத்தார், காரணம் சொல்லாமல்.

மழையும் வந்தது. தார்ப்பாயில் குளம்போலத் தண்ணீர் தேங்கி, ஓரமாக வழிந்து கட்டில் மேலேயே கொட்டும். கட்டிலை மூலைக்கு மூலை இழுத்து, வாளி, குண்டான், பிரியாணிப் பாத்திரம் என்று இருப்பதையெல்லாம் கீழே வைப்போம். அவர் துடைப்பக் கட்டையால் தார்ப்பாயைக் கீழிருந்து முட்டித் தண்ணீரைத் தள்ளுவார், பாதி அவர் தலையிலேயே விழும். நான் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு இடது பக்கம், வலது பக்கம் என்று உத்தரவு போடுவேன். ஊரில் ஒழுகுகிற வீட்டில் குடியிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒழுகுகிறவரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே நம்ப ஆரம்பித்திருந்தோம்.

ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரணம் என்று எதுவும் இல்லை, சில சமயம் இப்படி ஆகும் என்றார் டாக்டர். நல்லவர். அவர் என்ன செய்வார்.

வீட்டுக்கு வந்தபோது தார்ப்பாய் தண்ணீரோடு வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மாமியார் போனில் "நீங்க ஒண்ணுமே செய்யுலயே கண்ணு, எல்லாஞ் சரியாத்தானே இருந்தீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். என்னைவிட அவர்தான் ஏமாந்துபோனவர் மாதிரி இருந்தது. போச்சாதுங்க அத்தை என்று நான்தான் தேற்றினேன். ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. ஏதாவது ஒன்றைச் செய்திருந்தாலாவது அதன்மேல் விழுந்து புரண்டு அழுதிருக்கலாம். பழி போட எங்களிடம் ஓர் ஆணிகூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பெட்டியைத் திறந்து துண்டைப் பிரித்தார்.

"மழை இன்னும் ஜாஸ்தியாகும்" என்றார் என்னைப் பார்க்காமல்.

"ம்" என்றேன்.

இனிமேல் அடிக்கலாம் என்பதை இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை. அவர் ஏணியைச் சாத்தி, தார்ப்பாயை அவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலே ஏறினார். நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். முதல் அடி விழுந்தது.

மருத்துவமனைக்குப் போனதையோ வந்ததையோ சந்தில் யாரிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது அடி விழுந்ததும் டீச்சரம்மா வீட்டில் டீவி சத்தம் நின்றது. எதிர்வீட்டுக்காரர் கழுவிக்கொண்டிருந்த பைக்கை விட்டுவிட்டு எழுந்து நின்றார். எங்கள் கேட் திறந்தது. டீச்சரம்மா ஈரக் கையோடு வந்து என்முன் நின்றார். எத்தனை திங்கள் என்று கேட்டவர் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அந்தச் செய்தியை என் வாயால் ஒருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதற்கு இன்றைக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆணிகள் வழக்கம்போல் வளைந்தன. அவர் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி அடித்தார். கட்டைகள் முடிந்ததும் ஓடு. டீச்சரம்மா முட்டிவலியோடு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வோர் ஓடாக எடுத்து எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தார், அவர் ஏணியில் நின்று மேலே நீட்டினார். மத்தியானத்துக்குள் கூரை மூடிவிட்டது. நல்ல வேலை. இத்தனை வருஷத்தில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

சாயங்காலம் பெரிய மழை பிடித்துக்கொண்டது. கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டின் மேல் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை. எந்த மூலையிலாவது, எங்காவது ஓர் இடத்திலாவது ஒழுகாதா என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவரும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.