மதினி போட்டுக்கொண்ட ஊசி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து இராக்கம்மாவைக் கடித்த அட்டை மயங்கி விழும். மிகைதான், மயங்கியது ஒரே ஒரு அட்டை, அதுவும் வேறு யாரையோ குடித்துவிட்டு வந்தது. ஆனால் நாற்பது வருடம் கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்தியும் அவள் 'ஸ்' என்றதில்லை என்பது நிஜம்.

அவள் அழுதது ஒரு முறைதான், அண்ணன் மாரிசாமிக்காக. மூச்சிழுப்புக்கென்று டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் கடையில் வாங்கிய ஸ்டெரொயிட் மாத்திரையை ஏழு வருடம் விழுங்கி, முகம் பூசணியாய் ஊதி, இடுப்பெலும்பு முறிந்து கிடந்து செத்தான். வாங்கிக் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி பேச்சாயி. அன்றிலிருந்து ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தும் இருவருக்கும் இடையே வசவைத் தவிர வேறு பேச்சு இல்லை.

வந்ததும் ஒரே வியாதி. இருவருக்கும் பித்தப்பையில் கல். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் ஆப்பரேசன், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பேச்சாயி காதுபட முனகக்கூடாது. இராக்கம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆப்பரேசனுக்கு முதல் நாள் மாலை, மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் மயூரி வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"வயித்தில சின்னச் சின்ன ஓட்டைதானம்மா போடுறது. நீங்கள் மயங்கின பிறகு ஒரு ஸ்டெரொயிட் ஊசி போட்டால் நோவும் வயித்தைப் பிரட்டுற சத்தியும் குறையும்."

"எங்கண்ணன கொன்ன மருந்தா?"

"அது வருசக்கணக்கா குடிச்சது. இது ஒருக்கா மட்டும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

இராக்கம்மா சரியென்று சொல்லத்தான் இருந்தாள். டொக்டர் அந்தப்பக்கம் போனதும் பேச்சாயி இந்தப்பக்கம் திரும்பினாள்.

"நான் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டேன். சில பேருக்கு மண்டையிலயும் கல்லு."

"புருசனுக்கு ஊட்டுனது பத்தலயா? நீயும் ஊதி வெடிச்சுப் போ!" என்ற இராக்கம்மா, நர்ஸைக் கூப்பிட்டு அந்த ஊசி வேண்டாம் என்றாள்.

ஆப்பரேசன் முடிந்தது. வேறு வலிமருந்து கொடுத்தார்கள், போதவில்லை. ஆப்பரேசனுக்காக வயிற்றுக்குள் அடைத்த காற்று தோளில் ஏறிக் குத்தியது. குடல் வெளியே வருவதுபோல் சத்தி. போர்வை நுனியைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் பேச்சாயி நிமிர்ந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னா நாத்தனா, வலிக்குதோ? எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

அந்த முகம் ஊதுகிறதா என்று இராக்கம்மா மணிக்கொரு தரம் பார்த்தாள். ஊதவில்லை. தோள்வலியைவிட அது வலித்தது. மருந்தும் நல்லது, போட்டுக்கொண்டவளும் நல்லா இருக்கிறாள் என்றால், இனி யாரைத் திட்டுவது?

மறுநாள் காலை டொக்டர் மயூரி வந்ததும் வாட்டு முழுக்கக் கேட்கப் பேச்சாயி சொன்னாள்:

"டொக்டர், நீங்க போட்ட ஊசிக்குக் கோயிலே கட்டலாம். இந்தா இவளப் பாருங்க, வேணாம்னு சொல்லிப்புட்டு போர்வையத் தின்னுக்கிட்டுக் கெடக்கா!"

டொக்டர் பேச்சாயியின் கட்டிலில் தொங்கிய மருந்துக் குறிப்பு அட்டையைப் புரட்டினார்.

"உங்களுக்கு அந்த ஊசி போடவேயில்லையேம்மா. ரத்தத்தில சீனி கூடவா இருக்கெண்டு நான்தானே போடாம விட்டது, மயக்கம் தெளியேக்க உங்களிட்டயும் சொன்னனான். நேற்றுக் கேட்ட நேரமெல்லாம் நோவில்லையெண்டு சொன்னீங்கள். அப்ப இந்தத் தலாணி உறையைக் கடிச்சுக் கிழிச்சது ஆர்?"