அரைச் சுற்று

இது நிஜமாக நடந்தது. பொய் சொல்வதாக இருந்தால் இதில் என்னை நல்லவனாகக் காட்டியிருப்பேன். காட்டவில்லை. நடந்தது ராத்திரியும் இல்லை, பட்டப்பகல். ஆனால் நாடக அரங்குக்குள் கதவை அடைத்துவிட்டால் பகலும் கும்மிருட்டுதான்.

நான் லைட் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என் தங்கை வீட்டுக்காரரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். அதுவரை லைட் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன். மூன்றே வருஷத்தில் டைரக்டர் முதல் வாட்ச்மேன் வரை "மாப்பிள்ளை கை மாதிரி வராது" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் வாய் "வாங்க மாப்ள" என்று சிரித்தது. வயிறு எரிந்தது.

எங்கள் பெரிய ஸ்பாட் லைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு பல்பு மாதிரி கரண்டைக் குறைத்து அதை மங்கவைக்க முடியாது. குறைத்தால் அணைந்தே போகும். அணைந்தால் சூடு ஆறப் பத்து நிமிஷம். அதுவரை தலைகீழாக நின்றாலும் திரும்பப் பிடிக்காது. அதனால் பல்புக்கு முன்னால் இரண்டு தகடுகள் இருக்கும். கைப்பிடியை இழுத்தால் தகடுகள் மெல்ல மூடும், மேடை இருளும். உள்ளே பல்பு முழுசாக எரிந்துகொண்டேதான் இருக்கும்.

புது நாடகத்தின் கடைசிக் காட்சியில் மேடையில் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண். பன்னிரண்டு வினாடியில் வெளிச்சம் துளிகூடக் குலுங்காமல் இறங்க வேண்டும். டைரக்டர் என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "அதை மாப்பிள்ளையே பண்ணட்டும்." மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் இறக்கி முடித்ததும் ஹெட்செட்டில் "ம்" என்பார் மாப்பிள்ளை. திருப்தியாக. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரங்கேற்ற நாள். நாடகம் சாயங்காலம்தான். மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மணி 2:20. லைட் ரூமில் நான் மட்டும். அவருடைய ஸ்பாட்டைப் போட்டேன். தகடுகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினேன். கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். பாதியில் சிக்கி, வெளிச்சம் ஒரு வெட்டு வெட்டியது. சாயங்காலம் நானூறு பேர் முன்னால் அவர் மானம் போகும். போகட்டும்.

தகடுகளைப் பழையபடி திறந்து வைத்தேன். 2:31க்கு லைட்டை அணைத்தேன். மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தேன்.

டிக்... டிக்... டிக்...

பல்பு பிடிக்கிற சத்தம். திரும்பினேன். மணி 2:34.

ஸ்பாட் எரிந்தது. மூன்றே நிமிஷத்தில்... மெயின் இல்லாமல்... கீழே மேடையில், காலி நாற்காலி மேல் வெள்ளை வட்டம்.

வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது.

கைப்பிடி அசையவில்லை. தகடுகள் திறந்தபடியே இருந்தன. பல்புதான் மங்கியது. மங்கவே தெரியாத பல்பு.

என்னை அறியாமல் எண்ணினேன். ஏழு... எட்டு... ஒரு குலுங்கல் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமை. நமக்கு இப்படி வராதே என்றுதான் நினைத்தேன்.

பதினொன்று...

பன்னிரண்டு.

இருட்டு.

சுவரில் தொங்கிய ஹெட்செட்டிலிருந்து...

"ம்."

ஓடினேன்.

3:10க்குத் தங்கை போன் பண்ணினாள். "அண்ணா... அவரு வர்ற வழியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாராம்ணா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும்..."

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில், உயிர் பிரிந்த நேரம் 2:34 என்று இருந்தது. ஒரு பையில் அவர் செருப்பும் வாட்சும் தந்தார்கள். கூடவே அவருடைய போன், விழுந்த வேகத்தில் சுக்குநூறாகி.

இதோடு நின்றிருந்தால் மனப்பிரமை என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்து டைரக்டர் துக்கம் விசாரிக்கத் தங்கை வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மாப்பிள்ளை எனக்கு போன் பண்ணாரு. கடைசி சீனை மச்சானே பண்ணட்டும் சார், அவருக்குத்தான் அது மேல ரொம்ப ஆசைன்னாரு."

தங்கை அழுதாள். நான் கேட்டேன்:

"எத்தனை மணிக்கு சார்?"

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு அம்பது. இன்னொண்ணும் சொன்னாரு. எனக்குத்தான் புரியல. மச்சானுக்குப் புரியும்னாரு."

"என்ன சொன்னாரு?"

"ஸ்க்ரூ அரைச் சுத்து இறுகிக் கெடக்கு... மறக்காம லூஸ் பண்ணிக்கச் சொல்லுங்கன்னாரு."