பச்சை முகத்து நாத்தனார்

“மூக்கைப் பாருங்க. ஓட்டையே இல்ல. பட்டனுக்குக் காஜா எடுக்க மறந்த சட்டை மாதிரி!”

அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடத்தில், பச்சை முகத்துப் பெண் ஒருத்தியின் ஓவியத்துக்கு முன்னால் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் இந்த அம்மாள் இதைச் சொல்லிவிடுவார். கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை. தொழில் தையல். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நேரே வருவதால் அளவு நாடா கழுத்திலேயே தொங்கும். அதிகாரி போலிருக்கிறது என்று புதியவர்கள் மரியாதையாக ஒதுங்குவதுண்டு.

நவீன ஓவியத்தின் முன்னோடி என்று வாசலில் எழுதி, ஒரு பெண்மணியின் வாழ்நாள் படைப்புகளை மொத்தமாக மாட்டியிருக்கிறார்களே, அவர் இந்த அம்மாளின் காலஞ்சென்ற அண்ணி. உலகத்துக்கு மேதை. இவருக்கு, துணிக் கத்தரியை எடுத்துப் போய்க் காகிதம் வெட்டி மழுக்கியவர். பச்சை முகத்தின் கீழே அருங்காட்சியகம் ‘ஓவியரின் நாத்தனார்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதுதான் வினை.

“உசிரோட இருந்தப்பவே கேட்டேன். ‘இடது தோள் நாலு விரல் இறங்கிக் கெடக்கே, இது தோளா அண்ணி, சறுக்கு மரமா?’ன்னு. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. சிரிச்சா ஆச்சா?”

கோணல் தோளை இவர் பொறுக்கமாட்டார். சட்டைத் தோளுக்குள் பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்து ஊரில் பாதிப் பேரை நிமிர்த்திவிட்டவர். அவர் போட்டிருக்கும் கோட்டும் சொந்தத் தையல்தான். தோள் இரண்டும் தராசுத் தட்டு மாதிரி நிற்கும்.

“இது நான் இல்லவே இல்ல” என்று தினமும் முறையிட்டார். கண்காட்சிப் பொறுப்பாளர் சண்டைக்கு அஞ்சும் மனிதர். சீட்டைக் கிழித்துவிட்டு, ‘பெயர் தெரியாத பெண்’ என்று வேறொன்றை ஒட்டினார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வெற்றிக் களிப்பில் அம்மாள் முகம் துடைத்து முடிப்பதற்குள், படம் பார்க்க வந்த ஒருவர் மனைவியிடம் சொன்னார்: “வழியில போனவங்க யாரையோ பிடிச்சு உட்காரவச்சிருப்பாங்க.”

“யாரோவா? அசையாம உட்கார்ந்து கழுத்துப் பிடிச்சுக்கிட்டவ நான்! எந்த வழியில போனேன்?”

பொறுப்பாளரைக் கையோடு இழுத்து வந்தார். “பழைய சீட்டையே ஒட்டுங்க சார்.”

“நீங்கதானேம்மா நான் இல்லைன்னு சாதிச்சீங்க? இப்ப நீங்கதான்னு எதை வச்சு ஒட்டுறது? மூக்கு ஒத்துவரல. நிறம் ஒத்துவரல. தோளும்…”

அம்மாள் அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அப்புறம் படத்துக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்று, கோட்டின் கழுத்துக்குள் வலது கையை விட்டு இழுத்தார். நூல் அறும் சத்தம் கேட்டது. தடிமனான பஞ்சுப் பட்டை ஒன்றைப் பொறுப்பாளரின் கையில் வைத்தார்.

கோட்டின் இடது தோள் நாலு விரல் கீழே இறங்கியது.