எல்லாரும் தொட்ட ஒரு சிட்டிகை

பொன்மலர் தராசை நம்புகிறவள். கடவுளுக்கு அடுத்தபடியாகத்தான் என்று அவள் சொல்வாள். கூட வேலை பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பத்தியச் சமையலறையில் பதினாறு வருஷமாக அவளுக்கு வேலை. காட்பாடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் தராசைத் துடைப்பாள். யாருக்கு எத்தனை கிராம் சோறு, யாருக்கு உப்பில்லாத குழம்பு என்று சீட்டு வரும். அவள் நிறுத்து வைப்பாள். ஒரு கரண்டி கூடக் கேட்டால் பெரிய டாக்டரின் மாமியாராக இருந்தாலும் நடக்காது.

1978இல் குழந்தைகள் வார்டுக்கு ஒரு மீன்தொட்டி வந்தது. ஆம்பூர் தோல் வியாபாரி நிசார் அஹமது, பேத்தி பிழைத்து வீடு திரும்பிய சந்தோஷத்தில் மெட்ராஸிலிருந்து வரவழைத்து வைத்தது. பன்னிரண்டு தங்கமீன்கள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அதன் முன்னால் உட்கார வைத்தால் அழுகை நின்றுவிடும். இதுகளுக்கு யார் தீனி போடுவது என்ற பேச்சு எழுந்தபோது, வார்டு பொறுப்பிலிருந்த கிரேஸி சிஸ்டர், "சாப்பாட்டு விஷயம்தானே, பொன்மலர் பாத்துப்பா" என்று முடித்துவிட்டார். வேலியில் போன ஓணான் மடியில் வந்து விழுந்தது.

மெலிந்து வரும் பிள்ளைகளுக்கு வார்டில் ஒரு சத்துமாவு கொடுப்பார்கள். கோதுமை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாம் வறுத்து அரைத்து வெல்லம் சேர்த்தது. எலும்பும் தோலுமாக வந்த எத்தனையோ பிள்ளைகள் அதைத் தின்று கன்னம் உப்பிப் போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு ஆகிறது மீனுக்கு ஆகாதா? காலையில் இரண்டு ஸ்பூன், மாலையில் இரண்டு ஸ்பூன், சரியாக அளந்து போட்டாள். நான்காம் நாள் தொட்டித் தண்ணீர் பாயசம் மாதிரி இருந்தது. மூன்று மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அன்று அவள் சாப்பிடவில்லை. அவள் கையால் அளந்து போட்ட சாப்பாட்டில் உயிர் போனது அதுதான் முதல் தடவை.

விஷயம் கேள்விப்பட்டு நிசார் அஹமதுவே வந்தார். "மீன் விக்கிறவன் புழு போடச் சொன்னாம்மா. சாக்கடையில கெடைக்கும்னான்."

"உங்க ஊர்ப் பக்கம் கெடைக்குமா பாய்?"

"கெடைக்கும். ஆனா தோல் பதனிடற ஷாப்புத் தண்ணி ஓடற கால்வா அது. அதைத் தாண்டறப்போ நானே மூக்கைப் பிடிச்சிக்கினு போறேன். அந்தப் புழு வேணாம்மா."

பிறகு அவளே யோசித்தாள். கரைகிற எதுவும் கூடாது, சத்தும் வேண்டும். வேகவைத்த ஈரல், முட்டை மஞ்சள்கரு, பசலைக்கீரை, சென்னாகூனி என்கிற காய்ந்த குட்டி இறால் இடித்த பொடி கொஞ்சம், எல்லாம் ஒட்டிக்கொள்ளக் கோதுமை மாவு. உப்பு, எண்ணெய் கிடையாது. இட்லித் தட்டில் அவித்து, துருவி, மொட்டை மாடியில் காயவைத்து, காலி மாத்திரை டப்பாவில் அடைத்தாள். அளவு விஷயத்தில் மட்டும் தராசு கைவிட்டது. மீன் வயிற்றுக்கு அதில் படிக்கல் இல்லை. ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் மீன்கள் தின்று தீர்க்கிற சிட்டிகைதான் கணக்கு என்று கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன்களுக்கும் ஓய்வுநாள், முழுப் பட்டினி.

தண்ணீர் தெளிந்தது. மீன்கள் அவள் புடவையைக் கண்டால் கண்ணாடிப் பக்கம் ஓடிவந்தன. பிள்ளைகள் அவளை 'மீனக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சமையலறை ஜன்னல் வழியாகத் தட்டு நீட்டுகிற கைக்கு அதுவரை பெயரே இருந்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு மாதம்தான். மீன்கள் மறுபடி வயிறு ஊதின, கோணலாக நீந்தின. ஒவ்வொன்றாக நான்கு போயிற்று. ஐந்து மிச்சம்.

கிரேஸி சிஸ்டர் சத்தம் போடவில்லை. "செத்த மீனைப் பாத்துட்டுப் புள்ளைங்க ஆபரேஷனுக்குப் போகக்கூடாது பொன்மலர். திங்கக்கிழமை காலையில வந்து பாப்பேன். இன்னொண்ணு போச்சுன்னா தொட்டிய ஸ்டோருக்கு அனுப்பிடலாம்."

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. பொன்மலர் டப்பாவை முகர்ந்து பார்த்தாள், தீனி கெட்டுப்போகவில்லை. வியாழக்கிழமை ஒரு ரப்பர் குழாயைப் போட்டுத் தொட்டியின் அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்தாள். வாளியில் வந்து விழுந்தவை ஊறிப்போன பொரி, ரொட்டித் துண்டு, கரையாத வெல்லம். அவள் கொடுக்காத சாப்பாடு.

மறுநாள் காலை தூண் ஓரம் நின்று காவல் காத்தாள். கலவை ஊரிலிருந்து மகளின் வைத்தியத்துக்கு வந்திருந்த தேவகி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி பொரியை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"இன்னாம்மா போடறே?"

தேவகி திடுக்கிட்டாள். "பொரிக்கா. எம் பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டையாம். திங்கக்கெழம ஆபரேஷன். சோளிங்கர்ல மலையேறிட்டு, கொளத்து மீனுக்குப் பொரி போடறேன்னு வேண்டிக்கினேன். புள்ளைய வுட்டுட்டு எங்க போறது? இங்கயும் தண்ணி இருக்குது, மீனு இருக்குது. சாமி வேணான்னா சொல்லும்?"

திட்டுவதற்கென்று முந்தின நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, வேறு யார் யார் போடுகிறார்கள் என்று பொன்மலர் கேட்டாள். விசாரித்ததில் தேவகி மட்டுமில்லை. பேரனுக்காகத் தங்கியிருந்த சுகரா பேகம் வாயில்லா ஜீவனுக்குத் தருமம் என்று ரொட்டி போடுகிறாள். மரு உதிரக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற பழக்கத்தில் ஒருத்தி வெல்லம். ஜெபம் பண்ணிவிட்டு ஒருத்தி பன். ஆளுக்கு ஒரு பிடிதான். ஆனால் எட்டுப் பேர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைப் பத்தியச் சமையலறைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டிவிடலாம். அவள் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும். ஆனால் மலையேற முடியாத ஒரு வேண்டுதலை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எட்டுப் பேரையும் கூப்பிட்டாள். டப்பா மூடியில் ஒரே ஒரு சிட்டிகை தீனி வைத்திருந்தாள். "வேண்டிக்கோங்க, வேணான்னு சொல்லல. ஆனா நான் குடுக்கறதைப் போடுங்க. இதுக்கு மேல போட்டா மீனு சாவும்."

"எட்டுப் பேருக்கு இவ்ளோ கம்மியா?" என்றாள் சுகரா பேகம்.

"கல்யாணத்துல தாலிய எல்லாரும் தொட்டுக் குடுக்கறாங்க இல்ல? கட்டறது ஒருத்தர்தானே. அப்டி வெச்சிக்கோங்க. எல்லாரும் தொடுங்க. யார் வூட்டுப் புள்ளைக்கு மொதல்ல ஆபரேஷனோ, அவங்க போடட்டும்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுகரா பேகத்தின் விரல்தான் முதலில் நீண்டது. மறுநாள் குழாய் போட்டபோது வாளியில் வெறும் தண்ணீர்தான் வந்தது.

திங்கட்கிழமை. தேவகியின் மகள் செல்லக்கிளி பச்சை அங்கி போட்டு, தொட்டியின் முன்னால் தள்ளுபடுக்கையில் கிடந்தாள். ஐந்து மீன்களும் நேராக நீந்துவதை எண்ணிக்கொண்டிருந்தாள். தாய்மார்கள் சுற்றி நிற்க, தீனி வைத்த மூடி கைமாறிப் பொன்மலரிடம் திரும்பியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிரேஸி சிஸ்டர் உள்ளே வந்தார்.

வார்டில் மந்திரம் மாயம் என்றாலே அவருக்கு ஆகாது. தாயத்தைக்கூடக் கழற்றச் சொல்கிறவர். தண்ணீரைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். பொன்மலர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். "இன்னா இது?"

பொன்மலருக்குப் பொய் வராது. "தீனி சிஸ்டர். ஒரு சிட்டிகைதான். எல்லாரும் தொட்டுக் குடுக்கறாங்க. அதுக்கு மேல யாரும் போடறதில்ல. மீன் எதுவும் சாவல."

படுத்தபடியே செல்லக்கிளி, "சிஸ்டர், நீங்க தொடலியா?" என்று கேட்டாள்.

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். அன்றைய ஆபரேஷன் எவ்வளவு கடினமானது என்று அந்த இடத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆள்காட்டி விரலை நீட்டி மூடியைத் தொட்டார். பொன்மலர் மூடியைத் தேவகியிடம் கொடுத்தாள், தேவகி போட்டாள். ஜெபம் பாதி தாண்டுவதற்குள் தண்ணீரில் ஒரு துகள் மிச்சமில்லை.

தொட்டி ஸ்டோருக்குப் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் செல்லக்கிளி ஸ்டூலில் ஏறி நின்று தன் கையால் தீனி போட்டாள். அடுத்து ஆபரேஷனுக்குப் போகவிருந்தவன் சுகரா பேகத்தின் பேரன்.

1986இல் பொன்மலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அவள் இடத்துக்கு வந்தவள் சுவரில் மாட்டியிருந்த பத்திய அட்டவணையைப் படித்துக்கொண்டே வந்தாள். எல்லா வரியிலும் கிராம் கணக்கு. கடைசி வரி மட்டும் பொன்மலரின் கையெழுத்தில் வேறு மாதிரி இருந்தது: மீன்கள் – ஒரு சிட்டிகை, எல்லாரும் தொட்டது.